கியர் மாற்றி ஓட்டும் கார் இனிக் கிடைக்குமா?

களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். தந்தையின் காலம் தொட்டு வீட்டில் மெனுவல் கியர் கார்களையே ஓட்டி வந்த அவர், புதிய கார் ஒன்று வாங்கலாம் என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள விற்பனை நிலையங்களுக்குப் போனபோது, அண்மையில் இறக்குமதியான கார்கள் அனைத்தும் ஓட்டோ கியராகவே இருந்திருக்கின்றன. ஏன் இப்படி ஆனது, தேடியலைந்தாவது பழைய மெனுவல் கார் ஒன்றை வாங்குவது புத்தியா, வாகனம் ஓட்டப் பழக இருக்கும் மகளை எதில் பழக்குவது என்பவையே அவருடைய கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெனுவல் காரை நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதால் அது மறையவில்லை. நமக்குக் கார் வரும் ஊற்றுகளில் அது வற்றிவிட்டது. ஆகவே உங்கள் அடுத்த கார் பெரும்பாலும் ஓட்டோ கியராகவே இருக்கும். ஆனால் கிளச் மிதித்துக் கியர் மாற்றும் தேர்ச்சி கிழக்கு மாகாணத்தில் இன்னும் நெடுங்காலத்துக்குத் தேவைப்படும் என்பதால், மகள் அதைக் கற்றே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊற்று என்று நான் சொன்னது முக்கியமாக ஜப்பானை. இலங்கையில் ஓடும் கார்களில் பெரும் பங்கு ஜப்பானில் பாவிக்கப்பட்ட பின் இங்கு வருபவை. ஜப்பானியர் எதை வாங்கி ஓட்டுகிறார்களோ அதுவே சில ஆண்டுகளின் பின் நமது வாசலுக்கு வரும். அந்நாட்டில் 1991 ஆம் ஆண்டிலேயே ஓட்டோ கியர் வாகனத்துக்கு மட்டுமான சாரதி அனுமதிப்பத்திரம் அறிமுகமாகிவிட்டது. அதன் பின் வளர்ந்த தலைமுறையில் பெரும்பாலானோருக்குக் கிளச் என்பதே பழக்கமில்லாதது. இன்று அங்கு விற்பனையாகும் புதிய பயணிகள் கார்களில் நூற்றுக்கு 98க்கு மேற்பட்டவை ஓட்டோ கியர் கார்கள். 2025 ஏப்ரலில் இருந்து சாரதிப் பயிற்சி முறையே மாற்றப்பட்டு, எல்லோரும் ஓட்டோ கியரில் பயின்று, மெனுவல் வேண்டுவோர் மட்டும் அதை மேலதிகமாகக் கற்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு மாதிரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2014 இல் ஜப்பானில் வெளிவந்த எட்டாம் தலைமுறை சுசுக்கி அல்டோவில் ஐந்து கியர் மெனுவலும் ஒரு தெரிவாக இருந்தது. 2021 டிசம்பரில் வந்த ஒன்பதாம் தலைமுறையில் அது நீக்கப்பட்டு, எல்லாமே சி.வி.ரி. எனப்படும், பற்சக்கரப் படிகள் இல்லாத ஓட்டோ கியர் ஆகிவிட்டன.

இதோடு நமது வரிமுறையும் சேர்ந்துகொள்கிறது. பெற்றோல், ஹைபிரிட் கார்களுக்கான தீர்வை எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து உயர்வதால், 1000 சீசீக்கு உட்பட்ட கார்களையே நடுத்தரக் குடும்பங்கள் நாடுகின்றன. 660 சீசீ வெகன் ஆரும் அல்டோவும், 996 சீசீ விட்ஸும் ரைஸும் நமது வீதிகளில் நிறைந்திருப்பதற்குக் காரணம் அதுவே. அந்த அளவில் ஜப்பானில் இருந்து வருபவை ஏறத்தாழ முழுவதும் சி.வி.ரி. வகையின. இதற்கு மேல், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் உலகத்தின் கார்த் தொழிற்சாலைகள் ஒரு தலைமுறையைக் கடந்துவிட்டன. வழக்கமான காலமாக இருந்திருந்தால் மெனுவல் கார் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைவதை நாம் கண்ணால் கண்டிருப்போம். கதவு பூட்டியிருந்தபடியால், திறந்தவுடன் ஒரேயடியாகக் காணாமற்போனது போலத் தோன்றுகிறது. உங்களுக்கு ஏற்பட்ட திகைப்பு பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது.

உலக அளவிலும் இதே திசைதான். அமெரிக்காவில் 1980 அளவில் புதிய வாகனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெனுவலாக இருந்தது. இப்போது அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு வந்துவிட்டது. மெனுவலையே இயல்பாகக் கருதிய ஐரோப்பாவிலும், 2023 இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை வொக்ஸ்வாகன் டிகுவான் மெனுவல் தெரிவே இன்றி வந்தது. இந்தியாவில் மட்டும் புதிய கார்களில் மெனுவலே இன்னும் பெரும்பான்மை. ஆகவே புதிய மெனுவல் கார்தான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், இந்தியத் தயாரிப்புகளைக் கொண்டுவரும் முகவர்களிடம் கேட்பதே வழி. ஜப்பானியக் கார்களின் வரிசையில் தேடி நாளைச் செலவழிக்க வேண்டாம்.

ஏன் தொழிற்சாலைகள் இதைக் கைவிடுகின்றன என்பதற்கு, சோம்பேறிகள் பெருகிவிட்டார்கள் என்று நம்மில் சிலர் சொல்லும் விளக்கம் சரியானதல்ல. ஒரு காலத்தில் மெனுவல் கார் எரிபொருளை மிச்சப்படுத்தியது உண்மை. பழைய ஓட்டோ கியர்களில் மூன்று அல்லது நான்கு கியர்களே இருந்தன. எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் எண்ணெய் வழியாக வலுவைக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர் எப்போதும் சிறிது வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்த வழுக்கல் முழுவதும் வெப்பமாக வீணானது. பின்னர் அந்தக் கன்வேர்ட்டருக்குள்ளேயே ஒரு பூட்டுக் கிளச் வந்தது, கியர்களின் எண்ணிக்கை ஆறு, எட்டு, பத்து என்று ஏறியது, எஞ்சின் எந்தச் சுழற்சியில் மிகக் குறைவாகக் குடிக்குமோ அந்தப் புள்ளியிலேயே அதை வைத்திருக்கக் கணினி கற்றுக்கொண்டது. புகை, எரிபொருள் பற்றிய சட்டங்கள் இறுகும்போது, சாரதியின் கையை நம்புவதைவிடக் கணினியை நம்புவது தொழிற்சாலைக்குப் பாதுகாப்பானது. அத்துடன் ஒரே மாதிரிக்கு இரண்டு வகைக் கியர் பொக்ஸ்களை வடிவமைத்து, சோதித்து, சான்றிதழ் பெறுவது பெருஞ்செலவு. நூறில் இரண்டு பேர் கேட்கும் ஒன்றுக்காக அதைச் செய்ய எந்த முகாமையாளரும் கையெழுத்திட மாட்டார்.

பாதுகாப்புச் சாதனங்களும் அதே பக்கம் தள்ளுகின்றன. முன்னால் தடை வந்தால் தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் இருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். மெனுவல் காரிலும் அதைப் பொருத்தலாம். ஆனால் காரை முற்றாக நிறுத்தி மறுபடியும் தானே நகர்த்துவதற்குக் கிளச்சையும் கணினியே ஆளவேண்டும். மின்சாரக் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நின்ற நிலையிலேயே மின்மோட்டார் முழு முறுக்குவிசையையும் தரும் என்பதால், அதற்குக் கிளச்சும் வேண்டாம், மாற்றுவதற்குக் கியர்களும் வேண்டாம்.

இனி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். நமது ஊர்களில் "ஓட்டோ" என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் ஐந்து வெவ்வேறு இயந்திரங்கள். எது உங்கள் காரில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், பழுதாகும் நாளில்தான் அது தெரியவரும்.

முதலாவது, டோர்க் கன்வேர்ட்டரும் கோள்முறைப் பற்சக்கரங்களும் (நடுவிலுள்ள ஒன்றைச் சுற்றி மற்றவை உருளும் பற்சக்கரங்கள்) கொண்ட பழைய வகை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939 இல் ஹைட்ராமற்றிக் என்ற பெயரில் பெருந்தொகையாக விற்கத் தொடங்கிய ஓட்டோ கியரின் வழித்தோன்றல்களே இவை. பழைய டொயோட்டா கொரோலா, நிசான் சனி போன்ற கார்களில் இது உண்டு. எண்ணெயைக் காலத்துக்கு மாற்றினால் நெடுநாள் உழைக்கும். இரண்டாவது சி.வி.ரி.; நெதர்லாந்தின் டஃப் நிறுவனம் 1958 இல் சிறு கார்களில் கொண்டுவந்த எண்ணம். அதில் பற்சக்கரப் படிகளே இல்லை. அகலம் கூடிக் குறையும் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பெல்ட் ஓடுகிறது. இன்றைய கார்களில் அது உருக்கினால் ஆனது. அண்மைக்கால ஜப்பானிய வெகன் ஆர், அல்டோ, விட்ஸ் பெரும்பாலும் இந்த வகை. மென்மையாக ஓடும், எரிபொருளும் குறைவு; ஆனால் அதற்கென்று குறிக்கப்பட்ட எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. சாதாரண ஓட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால், பெல்ட் கப்பியைப் பிடிக்கவேண்டிய பிடிமானம் கெட்டு, திருத்த முடியாத அளவுக்கு இரண்டும் தேய்ந்துவிடும். சி.வி.ரி. காரை மணற்பாங்கான இடத்தில் புதையவிட்டு அக்சலேட்டரை அழுத்திக்கொண்டே இருப்பதும் கூடாது, எண்ணெய் சூடேறிவிடும். கல்லடிக் கடற்கரையிலும் பாசிக்குடாவிலும் காரை மணலுக்குள் இறக்குபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, பிரியஸ், அக்வா, அக்சியோ ஹைபிரிட் முதலிய டொயோட்டாக்களில் உள்ள அமைப்பு. இதையும் சி.வி.ரி. என்றே விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஆனால் பெல்ட் இல்லை. எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரு கோள்முறைப் பற்சக்கரத் தொகுதியில் இணைந்து வலுவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1997 இல் முதல் பிரியஸோடு வந்த இந்த ஏற்பாட்டை, இதுவரை கார்களுக்காக உருவான மிக உறுதியான வலுக்கடத்தல் அமைப்புகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். அதில் தேய்வதற்கு மிகக் குறைவானதே இருக்கிறது. செலவு வைப்பது பற்றரி. அதைக் குளிர்விக்கும் காற்று உள்ளிழுக்கும் துவாரம் பின் ஆசனத்தின் அருகில் இருக்கும்; நமது புழுதியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டால் பற்றரி சூடேறி வலுவிழக்கும். அதைக் கழற்றித் துப்புரவாக்குவது பெரிய வேலையல்ல, ஆனால் செய்பவர்கள் குறைவு. நான்காவது, இரட்டைக் கிளச்; ஒற்றை எண் கியர்களுக்கு ஒன்று, இரட்டை எண் கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளச்களைக் கணினி ஆளும் வகை. முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட் கார்களில் இருப்பது இதுவே. கியர் மாற்றம் விரைவானது. பழுதானால் அதை அறிந்த ஒருவரைத் தேடிப் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே போகவேண்டி வரும்.

ஐந்தாவது உங்களைப் போன்றவர் கவனிக்கவேண்டியது. சுசுக்கி நிறுவனம் ஏ.ஜி.எஸ். என்று அழைக்கும் இதில், உள்ளே இருப்பது சாதாரண மெனுவல் கியர் பொக்ஸும் சாதாரண கிளச் பிளேட்டும்தான். கிளச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மாத்திரம் கணினி செய்கிறது. 2014 இல் இந்தியாவில் மாருதி செலேரியோவோடு இது பரவலாகத் தெரியவந்தது. கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கம் இருக்கும். அது பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கியர் பொக்ஸின் பெரும்பகுதியை நமது கராஜ்களில் உள்ள பாஸ்மார் நன்கு அறிவார்கள். விரும்பினால் கியரை நீங்களே மேலும் கீழும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இரண்டாவது கேள்வி, பழைய மெனுவலைத் தேடி வாங்கலாமா என்பது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றரே ஓடி, வயலுக்கும் சந்தைக்கும் போய்வரும் ஒருவருக்கு அது நல்ல தெரிவு என்றே சொல்வேன். மாருதி 800, இந்திய அல்டோ, சனி எப்.பி. 14, கொரோலா 110 ஆகியவற்றைத் திருத்தத் தெரிந்தவர்கள் வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை எங்கும் இருக்கிறார்கள். கிளச் பிளேட் போனால் கார் ஓடாது, ஆனால் குடும்பத்தின் சேமிப்பும் போகாது; ஒரு சி.வி.ரி. கியர் பொக்ஸ் முழுதாகப் போனால் அப்படிச் சொல்ல முடியாது. பற்றரி இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்பதும் வெல்லாவெளிப் பக்கம் அந்தி சாய்ந்த பின் நிற்கும்போது சிறிய விடயமல்ல.

ஆனால் பார்த்து வாங்கவேண்டும். சமதரையில் கைப்பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும்; நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்து, இருக்கும் பிளேட்டையும் எரிக்க வேண்டாம். ஓடும்போது மூன்றில் இருந்து இரண்டுக்கு விரைவாக இறக்கிப் பாருங்கள். பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் சின்க்ரோமெஷ் வளையங்கள் 1928 இல் கடிலாக் கார்களோடு வந்தன. அவை தேய்ந்திருந்தால் இரண்டாம் கியர் நறநறக்கும். கிளச் பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ரிலீஸ் பெயாரிங். ஏனையவற்றோடு ஒப்பிட்டால் அச்செலவு தாங்கக்கூடியது. இவற்றையெல்லாம்விட நான் அதிகம் அஞ்சுவது துருவுக்கு. எழுவான்கரையில் கடற்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற கார் மேலே மினுங்கினாலும் அடித்தட்டு உக்கியிருக்கும். காரைத் தூக்கி, சைலன்சருக்கும் பின் சில்லுகளுக்கும் மேலே டோர்ச் அடித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மார்கழி வெள்ளத்தில் மூழ்கிய காரா என்பதை அறிய, தரைவிரிப்பைத் தூக்கி அதன் கீழே சேற்றுப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாளாந்தம் நீண்ட தூரம் ஓடுபவராக இருந்தால், அல்லது மனைவியும் பிள்ளைகளும் அதே காரை ஓட்டப்போகிறார்கள் என்றால், பற்றைச் சற்று ஒதுக்கிவைத்து நல்ல நிலையில் உள்ள ஓட்டோ கியர் காரையே வாங்குங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் மறைந்துவிடும். பிரேக்கில் காலை வைத்தபடி ரிவேர்சுக்கும் டிரைவுக்கும் மாற்றும்போது நீண்ட தாமதமோ பெரிய உதறலோ இருக்கக்கூடாது. சி.வி.ரி. என்றால் மெதுவாக வேகமெடுக்கும்போது, குறிப்பாக மணிக்கு 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில், நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். கியர் எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வாங்கிய பின் பழுதாகி இழுத்துச் செல்ல நேர்ந்தால், முன் சில்லுகளில் வலு உள்ள காரின் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். நான்கு சில்லும் தரையில் உருளக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தால், எண்ணெய் பம்பி வேலை செய்யாத நிலையில் கியர் பொக்ஸின் உட்பகுதிகள் வரண்டு உராயும்.

மெனுவலில் பழகியவர் ஓட்டோவுக்கு மாறும்போது ஏற்படும் ஆபத்து மலைப் பாதையில் உண்டு. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை நமக்கு ஏற்ற இறக்கமே தெரியாது. ஆனால் செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறி இறங்கும்போதும், மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பிவரும் வழியில் பதினெட்டு வளைவில் இறங்கும்போதும், மெனுவல் சாரதி தன்னையறியாமலே இரண்டாம் கியருக்கு இறக்கி எஞ்சினால் காரைப் பிடித்துக்கொள்வார். ஓட்டோவில் டிரைவிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அந்தக் கார்களில் அதற்கென்றே எல் (L), எஸ் (S), பி (B; நிறுத்திவைக்கும் P அல்ல) என்று ஏதாவது ஒரு நிலை இருக்கும். உங்கள் காரில் எது என்று தெரிந்துகொண்டு, இறக்கம் தொடங்கும் முன்னரே அதற்கு மாற்றுங்கள்.

மகளைப் பற்றிய கேள்விக்கு எனக்கு இரண்டு மனம் இல்லை. மெனுவலிலேயே பழக்குங்கள். கார்கள் மாறினாலும் இந்த மண்ணின் உழைப்பு வாகனங்கள் மாறவில்லை. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நெல் ஏற்றும் லொறி, படுவான்கரையில் உழும் டிராக்டர், மீன் கொண்டுபோகும் சிறிய பட்டா லொறி, பழைய டீசல் ஹயஸ் வான், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பெரும்பாலான பஸ்கள் எல்லாம் கிளச் கொண்டவை. முச்சக்கரவண்டிக்குக்கூட இடது கையில் கிளச்சும் கியரும் உண்டு. இரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, வாசலில் நிற்பது அயலவரின் கியர் வான் ஒன்றுதான் என்றால், அதை ஓட்டத் தெரிந்த பெண்பிள்ளை அந்த வீட்டில் இருப்பது எத்தனை பெரிய ஆறுதல். பெண்களுக்கு ஓட்டோதான் சரி என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை அதற்குள்ளேயே நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. மெனுவலில் பழகியவர் சில மணித்தியாலத்தில் ஓட்டோவுக்கு மாறிவிடுவார். ஓட்டோவில் மட்டும் பழகியவர் மெனுவலுக்கு வரவேண்டுமானால் அடிப்படையில் இருந்து தொடங்கவேண்டும்.

பழக்கும்போது அக்சலேட்டரை முதலில் தொடவிடாதீர்கள். சமதரையில் முதலாம் கியரில் போட்டு, கிளச்சை மாத்திரம் மிக மெதுவாக விட்டுக் காரை நகர்த்தவும், மறுபடி மிதித்து நிறுத்தவும் பல தடவை செய்யச் சொல்லுங்கள். பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பாதம் உணர்ந்துவிட்டால் மிகுதி எல்லாம் விரைவில் வந்துவிடும். பின்னர் ஏதாவது ஒரு பாலத்தின் ஏறுமுகத்தில், வாகனம் குறைந்த அதிகாலை வேளையில், கைப்பிரேக் இழுத்து நிறுத்தி மீண்டும் எடுக்கப் பழக்குங்கள். நமது சமவெளியில் ஏற்றத்தில் எடுத்துப் பழகப் பெரும்பாலும் பாலங்களே உள்ளன.

சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் பணம் கட்டுமுன், பயிற்சிக்கும் பரீட்சைக்கும் தரப்போகும் காரை நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டோ காரில் பரீட்சைக்குத் தோற்றினால் கிடைக்கும் அனுமதிப்பத்திரம் மெனுவலையும் ஓட்ட இடம்தருமா என்பதை அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிரித்தானியாவில் ஓட்டோவில் சித்தியடைந்தவருக்கு மெனுவல் ஓட்ட அனுமதி இல்லை. நாளை வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ மகள் போகக்கூடும் என்பதையும் மனதில் வைத்து, பரீட்சைக்கு மெனுவல் காரையே கேட்டு வாங்குங்கள்.